கம்பிக்கு வெளியே அப்பா

ராணுவ ஆஸ்பத்திரி, இங்கிலாந்து
20 செப்டம்பர் 1918

என் ஐவிக் குட்டிக்கு,

இதை அம்மா உனக்குப் படித்துக் காட்டுவாள். படிக்கும்போது அவள் அழுதால் நீ கண்டுகொள்ளாதே. அவளுக்கு வெங்காயம் நறுக்கினாலும் அழுகை வரும், அப்பா சுகம் என்று படித்தாலும் வரும்.

அப்பாவுக்குத் தொடையில் ஓர் ஓட்டை விழுந்தது. தைத்துவிட்டார்கள். "இந்தத் தையலப் போட்டவன் ஊர்ல சாக்கு மூட்டை தச்சுக்கிட்டு இருந்திருப்பான்" என்கிறார் பக்கத்துக் கட்டில் மாமா. அவருக்குக் கால் இல்லை. ஆனால் வாய் நன்றாக இருக்கிறது.

எனக்குப் பதக்கம் தரப் போகிறார்களாம். பெரிய அதிகாரி ஒருவர் வந்து கை குலுக்கிச் சொல்லிவிட்டுப் போனார். நீ வளர்ந்ததும் அதை வைத்து விளையாடலாம்.

மேபல், இனி வருவதைக் குழந்தைக்குப் படிக்காதே. அது ஒரு மேடு. உச்சியில் எந்திரத் துப்பாக்கி. சரிவில் எங்கள் ஆட்கள் முகம் குப்புறக் கிடந்தார்கள், சிலர் செத்து, சிலர் பயந்து. நான் எழுந்து ஓடினேன். படுத்துக் கிடப்பதைவிட ஓடுவது சுலபமாக இருந்தது, அவ்வளவுதான். இதற்குப் போய் வீரன் என்கிறார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நிலம் தருகிறேன் என்கிறது அரசாங்கம். அன்னாசி போடலாம்.

அன்புடன்,
அப்பா

*

இங்ஹாம், வடக்கு குவீன்ஸ்லாந்து, ஆஸ்திரேலியா
2 ஏப்ரல் 1935

அன்புள்ள அப்பா,

சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். வருகிற சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் எலியோ ரவெரா. இத்தாலிக்காரன், கரும்புத் தோட்டம் வைத்திருக்கிறான். நான் சமைக்கும் விடுதிக்குச் சாப்பிட வருவான். என் சூப்பைக் குடித்துவிட்டு, "இதுல உப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆனா சூடா இருக்கு" என்றான். ஊரில் மற்றவர்கள் எல்லாம் பிரமாதம் என்று பொய் சொன்னார்கள். உண்மை பேசினவன் இவன் ஒருவன்தான்.

உங்களுக்குக் கோபம் வரும். படையிலிருந்து திரும்பியவர்களுக்குக் கிடைக்க வேண்டிய கரும்பு வெட்டும் வேலையை இத்தாலிக்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நீங்கள் டவுன்ஸ்வில்லில் கூட்டத்துக்குக் கூட்டம் போய்ப் பேசுவது எனக்குத் தெரியும். அப்பா, நம் அன்னாசியை அழித்தது இத்தாலிக்காரன் இல்லை. அந்த நிலத்தில் களையைத் தவிர வேறு எதுவும் வளராது. அம்மா அதில் குனிந்து குனிந்தே போய்ச் சேர்ந்தாள். நீங்கள் ரயில்வேயில் தண்டவாளம் சரிபார்க்கப் போனது அதற்குப் பிறகுதானே. அதற்கெல்லாம் எலியோ என்ன செய்வான்?

எனக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது. உங்கள் கையெழுத்து தேவையில்லை. நீங்கள்தான் தேவை. வாருங்கள்.

ஐவி

*

டவுன்ஸ்வில்
5 ஏப்ரல் 1935

ஐவி,

கடிதம் கிடைத்தது. நான் வரமாட்டேன். கத்தோலிக்கக் கோயிலில், அந்தக் கும்பலுக்கு நடுவில், பதக்கம் குத்திய கோட்டோடு என்னை நிறுத்திவைக்கலாம் என்று நினைக்காதே.

அவன் நல்லவனாகவே இருக்கட்டும். என்னை அவன் வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம், நீயும் என் வீட்டுக்கு வர வேண்டாம்.

ஹெக்டர் பாஸ்கோ

*

இங்ஹாம்
19 ஜூன் 1940

அப்பா,

ஐந்து வருஷம் கழித்து எழுதுகிறேன். உதவி கேட்கத்தான் எழுதுகிறேன். வேறு காரணம் இருப்பதுபோல் நடிக்கப் போவதில்லை.

இத்தாலி யுத்தத்தில் இறங்கியது ரேடியோவில் வந்த மறுநாள் மத்தியானம் போலீஸ் வந்தது. வந்தவர் எங்களுக்குத் தெரிந்தவர்தான். எங்கள் மாம்பழம் கூடை கூடையாகச் சாப்பிட்டவர். அவர் எலியோவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு ராத்திரிக்குத் துணி எடுத்துக்க, எலியோ. சும்மா ரெண்டு கேள்வி கேட்டுட்டு விட்டுடுவாங்க."

"எதுக்கு? மொத யுத்தத்துல இத்தாலி உங்க பக்கம்தானே? எங்க அண்ணன் உங்களோட சேர்ந்துதானேய்யா செத்தான்?"

"எனக்குத் தெரியும்பா. என்கிட்ட எதுக்குச் சொல்ற? காகிதம் மேலேருந்து வந்திருக்கு."

அந்த ஒரு ராத்திரி இன்னும் முடியவில்லை. பக்கத்துத் தோட்டத்து ஆண்களையும் கொண்டுபோய்விட்டார்கள். ஆலை ஓட ஆரம்பித்துவிட்டது, கரும்பு நிற்கிறது. பெண்களே தோகையைக் கொளுத்தி, பெண்களே வெட்டுகிறோம். முஸோலினியைப் பிடிக்காமல்தான் அவன் இத்தாலியைவிட்டு ஓடி வந்தான். இப்போது முஸோலினியின் ஆள் என்று பிடித்திருக்கிறார்கள்.

இன்னொன்று கேளுங்கள், சிரிப்பு வரும். அவனுடைய குடியுரிமை மனு பாஸாகவில்லை. அவனைக் கட்டிக்கொண்டதால் சட்டப்படி நானும் இத்தாலிக்காரியாம். ஒவ்வொரு வாரமும் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறேன். 'ஐவி ரவெரா, எதிரி நாட்டவர்.' இந்த நாட்டைவிட்டு ஒரு அடி வெளியே வைத்ததில்லை நான். உங்கள் மகள் எதிரி, அப்பா.

எனக்கு மூன்று மாதம். உங்களிடம் பதக்கம் இருக்கிறது. அதைக் குத்திக்கொண்டு போய் யாரிடமாவது பேசுங்கள்.

ஐவி

*

டவுன்ஸ்வில்
8 ஜூலை 1940

அன்புள்ள ஐவி,

பேசினேன். கோட்டைத் தேய்த்து, பதக்கங்களைக் குத்திக்கொண்டு, போலீஸ் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்று நாற்காலி போட்டார்கள். மரியாதைக்குக் குறைவே இல்லை. நான் எந்த மேட்டில் ஏறினேன் என்று ஒருவர் விவரமாகக் கேட்டார். அவருடைய மாமாவும் அங்கே இருந்தாராம்.

எலியோ பெயரைச் சொன்னதும் அந்த மனிதர் பேனாவை மூடிவிட்டார். "மிஸ்டர் பாஸ்கோ, உங்களுக்கு ஒரு டீ குடுக்கலாம். அதுக்கு மேல எங்க கையில ஒண்ணும் இல்ல."

டீயைக் குடித்துவிட்டு வந்தேன். மறுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். வீதிக்கு வந்த பிறகுதான் அது தோன்றியது.

உன்னிடம் மறைக்க விரும்பாத ஒன்று உண்டு. உன் கடிதம் வருவதற்கு முன்பே நான் மறுபடியும் படையில் சேர்ந்துவிட்டேன். எங்களைப் போன்ற கிழங்களைக் காவல் படையில் போடுகிறார்கள். மொத்தப் படையின் பல்லையும் சேர்த்தால் ஒரு வாய்க்குக் காணாது என்கிறான் கூட இருக்கும் ஸ்னோவி. பாலமோ கிடங்கோ எதைக் காக்கப் போடுவார்கள் என்று தெரியாது.

கரும்பு வெட்டும்போது குனியாதே. குழந்தை இருக்கிறது. இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று தெரியும்.

அப்பா

*

தெற்கே ஒரு முகாம்
14 மே 1941

அன்புள்ள ஐவி,

இதை முகாம் தபாலில் போடவில்லை. விடுப்பில் ஊருக்குள் வந்தபோது போடுகிறேன். உறையின் மேல் எழுதியிருக்கிற ரொட்டிக்கடை விலாசத்துக்குப் பதில் எழுது. கடைக்காரம்மா நம்பிக்கையானவள்.

என்னைக் காவலுக்குப் போட்டது பாலமும் இல்லை, கிடங்கும் இல்லை. இங்கே மணலில் கம்பி வேலி போட்டு, உள்ளே ஆயிரக்கணக்கில் ஆட்களை வைத்திருக்கிறார்கள். போன வாரம் குவீன்ஸ்லாந்திலிருந்து ஒரு ரயில் வந்தது. இறங்கியவர்களை வரிசையில் நிறுத்தி எண் கொடுத்தோம். வரிசையில் ஒருவன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனை அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவன்தான் என்னைப் பார்த்திருக்கிறான், உன் வீட்டுச் சுவரில் இருக்கும் படத்தில். அதை நீ மாட்டி வைத்திருப்பாய் என்று நான் நினைத்திருக்கவில்லை.

கைதிகளிடம் பேசக்கூடாது என்பது விதி. மறுநாள் வேலியோரமாக நான் நடந்தபோது, உள்ளே அவனும் கூடவே நடந்தான்.

"நீங்கதான் சார்ஜென்ட் பாஸ்கோ."

"பேசாம நட."

"நடக்கிறேன். ஐவி எப்படி இருக்கான்னு நான் உங்களக் கேக்கணுமா, நீங்க என்னக் கேக்கணுமான்னு யோசிச்சுக்கிட்டே நடக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். குழந்தை பிறந்தது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. பெண் என்றும் தெரிந்திருக்கிறது. "மூக்கு யாரு மாதிரின்னு யாருமே எழுத மாட்டேங்கிறாங்க" என்றான்.

காலையும் மாலையும் எண் கூப்பிடுவது என் வேலை. குரல் பெரிது என்பதால் எனக்குக் கொடுத்தார்கள். நான் எண்ணைச் சொல்கிறேன், அவன் 'ஆஜர்' என்கிறான். நானும் அவனும் விதிப்படி பேசிக்கொள்வது அவ்வளவுதான்.

அப்பா

*

இங்ஹாம்
2 ஜூன் 1941

அப்பா,

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்றபடியே படித்தேன். பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

மூக்கு உங்களுடையது. அவனிடம் எப்படியாவது சொல்லிவிடுங்கள், வருத்தப்படுவான். லீனா உட்கார ஆரம்பித்துவிட்டாள். கரும்பு வெட்டும்போது மரத்தடியில் பெட்டியில் உட்கார வைக்கிறேன். வழியில் போகிற பெண்களையெல்லாம் அதட்டுகிறாள், அதுவும் உங்களுடையதுதான்.

அவன் எழுதும் கடிதங்களில் பாதியைத் தணிக்கைக்காரர்கள் வெட்டிவிடுகிறார்கள். மீதியில் வானிலை இருக்கிறது. அவன் சாப்பிடுகிறானா? அவனோடு இருப்பவர்கள் யார்? உங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். என் புருஷனை என் அப்பா காவல் காக்கிறார் என்று இந்த ஊரில் யாரிடமும் நான் சொல்லவில்லை. சொன்னால் எந்தப் பக்கத்து ஆட்கள் முதலில் என்மேல் துப்புவார்கள் என்று தெரியவில்லை.

ஐவி

*

முகாம்
22 பிப்ரவரி 1942

ஐவி,

சிங்கப்பூர் ஜப்பான்காரர்களிடம் விழுந்துவிட்டது. இங்கே எல்லோருடைய முகமும் மாறிவிட்டது. கம்பிக்கு உள்ளே சில கொட்டகைகளில் பாட்டுப் பாடினார்கள். முஸோலினி ஆட்கள் இங்கே கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், பொல்லாதவர்கள். சாப்பாட்டு நேரத்தில் கையை உயர்த்தி வணக்கம் சொல்லச் சொல்வார்கள். எலியோ சொல்வதில்லை. அவனை வேறு கொட்டகைக்கு மாற்றச் சொல்லி நான் கேப்டனிடம் கேட்டேன். நான் பிரான்சில் இருந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன் அவர். "அவங்க சண்டை அவங்களுக்குள்ள, சார்ஜென்ட்" என்றார்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் காவல் கோபுரத்தில் இருந்தேன். துணி துவைக்கும் இடத்தில் நான்கைந்து பேர் அவனைச் சூழ்ந்தார்கள். ஒருவன் கையில் பெஞ்சின் கால். நான் கத்தினேன். மேலே சுட்டேன். கீழே இருந்த மற்றவர்கள் தரையில் படுத்தார்கள், அந்த நான்கைந்து பேர் படுக்கவில்லை. போன் செய்தேன். "ஆட்கள் வராங்க, இடத்த விட்டு நகராதீங்க" என்றார் கேப்டன்.

ஏணியில் ஒரு காலை வைத்தேன், ஐவி. தோட்டா நிரப்பிய துப்பாக்கியோடு கோபுரத்தை விட்டு இறங்குகிறவனுக்கு ராணுவத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இறங்கியிருந்தாலும் வாசல் சாவி என்னிடம் இல்லை. இதையெல்லாம் ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நான் இறங்கவில்லை. அங்கிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உயிருக்கு ஆபத்தில்லை. ஒரு கண் போய்விட்டது. ஒரு காதும் கேட்காது என்கிறார் டாக்டர். அவனை அடித்தவர்களை வேறு முகாமுக்கு அனுப்பினார்கள், இப்போது.

என்னை மன்னிக்கும்படி கேட்கவில்லை.

அப்பா

*

இங்ஹாம்
10 மார்ச் 1942

அப்பா,

இடது கண்ணா வலது கண்ணா என்று நீங்கள் எழுதவில்லை.

நான் கோபமாக இருக்கிறேன். யார்மேல் என்று தெரியவில்லை. கேப்டன் என் கண்முன் இல்லை, முஸோலினி இல்லை, நீங்கள்தான் இருக்கிறீர்கள். ஒரு மேட்டின்மேல் ஓடி ஏறினவர் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அந்த ஓட்டத்தில் பத்து அடி எனக்காக மிச்சம் வைத்திருக்கக்கூடாதா என்று நேற்று கரும்புக்கு நடுவில் நின்று கத்தினேன். கத்திய பிறகு வெட்கமாக இருந்தது. வெட்டிய கரும்பை யாராவது டிராலியில் ஏற்ற வேண்டுமே, அதனால் வேலையைப் பார்த்தேன்.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். எண் கூப்பிடும்போது ஒரு தடவையாவது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அதற்குச் சாவி வேண்டியதில்லையே.

ஐவி

*

முகாம்
30 மே 1942

அன்புள்ள ஐவி,

இடது கண்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வரிசைக்குத் திரும்பிய அன்று, நீ சொன்னபடி கூப்பிட்டேன். 'எலியோ ரவெரா' என்றேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவன் மட்டும் பார்க்கவில்லை. கேட்கவில்லையோ என்று கேட்கும் காதுப் பக்கம் போய் நின்று மறுபடியும் கூப்பிட்டேன். அசையவே இல்லை. கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எண்ணைச் சொன்னேன். நிமிர்ந்து நின்று 'ஆஜர்' என்றான்.

இப்போதெல்லாம் வேலியோரம் அவன் நடப்பதில்லை. நான்தான் நடக்கிறேன். சாப்பிடுகிறான். சண்டை இல்லை, பேச்சும் இல்லை. அவனை விடச் சொல்லி நான் வாரம் தவறாமல் மேலே மனு எழுதுகிறேன். ஸ்னோவி, "உன் மனுவையெல்லாம் சேர்த்து வச்சா குளிருக்கு அடுப்பு மூட்டலாம், ஹெக்டர்" என்கிறான். அவனும் எனக்காக ஒன்றில் கையெழுத்துப் போட்டான்.

அப்பா

*

இங்ஹாம்
3 அக்டோபர் 1944

அப்பா,

எலியோ வந்துவிட்டான்.

இத்தாலி சரணடைந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இப்போதுதான் விட மனம் வந்திருக்கிறது. ஸ்டேஷனில் லீனா என் பாவாடைக்குள் ஒளிந்துகொண்டாள். அவனும் ஒளிந்துகொள்ள இடம் தேடுவதுபோல் நின்றான். நான் இரண்டு பேரையும் வண்டியில் ஏற்றினேன்.

வேலை செய்கிறான். கரும்பைப் பார்த்ததும் கைக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. ஆனால் காலையும் மாலையும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வீட்டு முன்னால் போய் நிற்கிறான், கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு.

"எலியோ, ஏன் நிக்கிற? சூப் ஆறுது."

"எண்ணி முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு. எல்லாரும் இருக்கோம். வா."

அப்புறம் வந்து உட்காருகிறான். இப்போது நானே தினமும் 'முடிச்சாச்சு' என்று சொல்லிவிடுகிறேன். லீனா அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நிற்கிறாள்.

மூச்சு இரைப்பு வந்து உங்களைப் படையிலிருந்து விடுவித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இப்போது எப்படி இருக்கிறது? நல்ல நாளாகப் பார்த்து ஒரு நடை வாருங்கள். பத்து வருஷமாகப் போகிறது.

ஐவி

*

இங்ஹாம்
29 ஜனவரி 1945

அன்புள்ள அப்பா,

நீங்கள் டீகூடக் குடிக்காமல் போய்விட்டீர்கள். கேக் செய்து வைத்திருந்தேன். லீனா அதை எடுத்துக்கொண்டு ரயில் பாதை வரைக்கும் ஓடினாள்.

உங்கள்மேல் தப்பு இல்லை. வாசலில் நின்று யாராக இருந்தாலும் அப்படித்தானே கூப்பிடுவார்கள், 'ஐவி, உள்ளே இருக்கியா?' என்று. அவன் தோட்டத்தின் அந்தக் கோடியில் இருந்தான். அந்தத் தூரத்திலும் உங்கள் குரல் அந்த ஒரு காதில் விழுந்துவிட்டது. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்று, அந்த எண்ணைச் சொன்னான். நீங்கள் எண்ணைக் கூப்பிடாமலே சொன்னான். உங்கள் முகத்தை நான் பார்த்தேன். அம்மாவைப் புதைத்த அன்றுகூட அந்த முகம் அப்படி இல்லை.

நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். யார் பக்கம் முதலில் போவது என்று தெரியவில்லை. அவன் பக்கம் போனேன். திரும்பிப் பார்த்தபோது நீங்கள் இல்லை.

இனி நீங்கள் வர வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதவும் தொடங்கினேன். எலியோ பின்னால் வந்து நின்று, யாருக்கு என்று கேட்டான். சொன்னேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அப்புறம் சொன்னான்:

"வரச் சொல்லு."

"உன்னால தாங்க முடியாது, எலியோ."

"குரலக் கேட்டா எழுந்து நிப்பேன். அது என் காலு பண்ற வேலை, அத நான் நிறுத்த முடியல. ஆனா அவர்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. வேலியோரமா என்கூட நடந்தவர் அவர் ஒருத்தர்தான்."

வந்த நாளிலிருந்து அவன் இவ்வளவு பேசியதில்லை. ஆனால் நீங்கள் வந்துபோன அன்று ராத்திரி அவன் தூங்கவில்லை, அதையும் உங்களிடம் மறைக்க முடியாது. அதனால் வாருங்கள் என்றும் சொல்லத் தெரியவில்லை, வராதீர்கள் என்றும் சொல்லத் தெரியவில்லை. நீங்களே முடிவு செய்யுங்கள், அப்பா. எனக்குக் களைப்பாக இருக்கிறது.

ஐவி

*

டவுன்ஸ்வில்
6 பிப்ரவரி 1945

அன்புள்ள ஐவி,

உன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தண்டவாளத்தோரம் நடந்தேன். எனக்கும் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. அவனுக்குக் கண்ணைத் திருப்பித் தர முடியாது. அந்த எண்ணை அவன் தலையிலிருந்து எடுக்கவும் முடியாது. அதை உள்ளே வைத்தவன் நான்தான். உத்தரவு யாருடையதாக இருந்தாலும் குரல் என்னுடையது.

ஸ்னோவி வந்திருந்தான். அவனிடம் கேட்டேன். "சாகற வரைக்கும் யோசிச்சுக்கிட்டே இருக்கப் போறியா?" என்றான். "உன்னப் பாக்கறதுல அவனுக்குப் பிரச்சினை இல்ல. நீ பேசறதுலதான் பிரச்சினை. அப்ப வாய மூடிக்கிட்டுப் போயேன். கல்யாணம் பண்ண நாள்லேருந்து எங்க வீட்ல நான் அப்படித்தான் இருக்கேன்."

செவ்வாய்க்கிழமை ரயிலில் வருகிறேன். வாசலில் நின்று கூப்பிட மாட்டேன். பின்பக்கமாக வந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன், நீயாகப் பார்த்துக்கொள். எலியோ கேட்கிற தூரத்தில் நான் ஒரு வார்த்தையும் பேச மாட்டேன், ஒரு நாளாக இருந்தாலும் சரி, இருக்கிற காலம் முழுவதும் என்றாலும் சரி. கரும்பை டிராலியில் ஏற்றுவதற்குப் பேச்சு வேண்டியதில்லை.

லீனாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லி வை. தாத்தாவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அதனால்தான் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார் என்று.

அப்பா